எதிர்க்கரைப் பறவை

“மெல்லப் பேசு டப்பா. சத்தம் கேட்டா பறந்துடும்.”

“அக்கா, நான் போன்ல உங்க காதுக்குள்ளே பேசுறேன். பறவைக்கு எப்படிக் கேக்கும்?”

அதுவும் சரிதான். ஏரிக்கரைச் சேற்றில் மடக்கு நாற்காலி போட்டு, ஒரு காதில் போனும் மறு காதில் ஒலிப்பதிவுக் கருவியின் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்தவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். பின்னால் தொழிற்சாலை மதில். முன்னால் விடியற்காலைப் பனி. எதிர்க்கரை இருக்கிற இடமே தெரியவில்லை.

தகர டப்பாக்களைத் தட்டி, அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் தாளமாக்குகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். செத்துக்கொண்டிருக்கும் ஏரி, குளங்களைப் பற்றி ஒரு எலக்ட்ரானிக் ஆல்பம் செய்கிறான். ஊருக்கொருவர் சத்தம் அனுப்ப, அவன் கோத்துப் பாட்டாக்குவான். கடைசிப் பாட்டு மட்டும்தான் பாக்கி. அதற்கு, நாணலுக்குள் ஒளிந்து வாழும் ஒரு சாம்பல் பறவையின் குரல் வேண்டும்.

“உங்ககிட்டதான் பழைய பதிவு இருக்கே. அதையே போட்டுட்டா என்ன?”

“அது அன்னைக்கு இருந்த பறவைடா. இன்னைக்கு ஒண்ணாவது மிச்சம் இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“இல்லேன்னா?”

“உன் கடைசிப் பாட்டுல லாரி ஹாரனைப் போட்டுக்க.”

பழைய குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டால், துணை வந்துவிட்டதென்று நினைத்து, இருக்கிற பறவை பதில் கொடுக்கும். பல வாரமாகக் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். ‘வந்துட்டேன்’ என்று சொன்னால் ‘வா’ என்று சொல்ல ஆள் கிடையாது.

“அந்தப் பதிவு, நீங்களும் அண்ணனும் சேர்ந்து எடுத்ததுதானே?”

“ஆமா, படகுல. பறவை கத்தி முடிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பதிவே பாழாப்போச்சுன்னு உங்கண்ணன் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாரு. பிரியறப்போ ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கிட்டோம். என்னோடதுல அந்தச் சிரிப்பை வெட்டிட்டேன்.”

“அவரோடதுல?”

“அவரு எதையும் வெட்டிவிட மாட்டாரு. என்னைத் தவிர.”

டப்பா தொண்டையைச் செருமினான். “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“இரு, கூப்பிட்டுட்டு வரேன்.”

பட்டனை அழுத்தினாள். ஒலிபெருக்கி கத்தி ஓய்ந்தது. பனிக்குள் எதுவுமில்லை. பிறகு, எதிர்க்கரையிலிருந்து அதே கூவல்.

“டப்பா! டேய்! கேட்டியா?” நாற்காலி சரிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“கேட்டுச்சுக்கா! உசிரோட இருக்கு!”

“ஒண்டியா இருக்கும் போலடா. இருந்தாலும் இருக்கு.” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம்க்கா, எனக்கு இன்னொரு போன் வருது.”

அவள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பதில் வந்தது. இந்தத் தடவை கத்தாமல், ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்டாள். கூவல் முடிந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, பனிக்கு அப்பாலிருந்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

படகில் சிரித்த சிரிப்பு. அவளுடையது.

“அக்கா, இருக்கீங்களா? கோவிச்சுக்காதீங்க, அண்ணன்கிட்டயும் இதே குரலைக் கேட்டிருந்தேன். ஏதோ ஒரு ஏரிக்கரையில உட்கார்ந்திருக்காராம். அவருக்கும் இப்பத்தான் பறவை பதில் குடுத்துச்சாம்! சின்னப் பிள்ளை மாதிரி அழறாருக்கா. மறுபடியும் கூப்பிடுமான்னு காத்துக்கிட்டிருக்காராம்.”

“கூப்பிடும்னு சொல்லு” என்றவள், பனியைப் பார்த்தபடியே பட்டனை அழுத்தினாள்.