எதிர்க்கட்சி வீடு

துப்பாக்கியோடு பக்கத்து வீட்டு டெல்மர் தன் வாசலைத் தாண்டி வருவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் ஆர்டிஸ், கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

அவரிடம் துப்பாக்கி இருப்பது அதிசயமில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில், அந்தத் தெருவில், துப்பாக்கி இல்லாத வீடு அவளுடையது ஒன்றுதான். ஆனால் அவர் காட்டுப் பக்கம் போகவில்லை. நேராக அவள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

நேற்று நடந்த சண்டை அப்படி. தேர்தல் நெருங்கிவிட்டது. அவள் வாசலில் ஜனநாயகக் கட்சிப் பலகை, பக்கத்தில் அவர் வாசலில் குடியரசுக் கட்சிப் பலகை. நேற்றுக் காலை பார்த்தால் அவள் பலகை மட்டும் முறிந்து கிடந்தது.

“காத்து அடிச்சா நான் என்ன பண்ணுவேன் டீச்சர்?” என்றார் டெல்மர். அவர் மகன் அவளிடம் படித்தவன். அதனால் இன்னும் டீச்சர்தான்.

“அதென்ன காத்து, என் பலகையை மட்டும் தேடி வந்து அடிக்குது?”

“உங்க ஆளு ஜெயிக்கட்டும், முதல் வேலையா என் துப்பாக்கியைப் பிடுங்க வருவான். அதானே உங்க ஆசை?”

“வாங்குறவன் எப்படிப்பட்டவன்னு விசாரிச்சுட்டு வித்தா உங்களுக்கு எங்க வலிக்குது?”

“இன்னைக்கு விசாரிப்பான், நாளைக்கு வீடு புகுந்து அள்ளிட்டுப் போவான். இது எங்க உரிமை. அரசியல் சட்டத்துலயே இருக்கு!”

“துப்பாக்கியோட எவனாவது ஸ்கூலுக்குள்ள வந்தா என்ன பண்ணணும்னு, பிள்ளைங்களை மேசைக்கடியில ஒளிய வெச்சுப் பழக்கினவ நான். சத்தம் வராம எப்படி அழணும்னு அதுங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவ நான். என்கிட்ட உரிமை பேசாதீங்க. என் கையில கிடைச்சா எல்லாத்தையும் பூட்டி, சாவியை ஏரியில எறிஞ்சிடுவேன்!”

தெருவே கேட்கக் கத்திவிட்டாள். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுப்பவர், நேற்று அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வைதான் அவளை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

முன்பென்றால் அவர் மனைவி லோயிஸ் குறுக்கே வந்து இருவரையும் அடக்குவாள். அவளும் பனி உருகுகிற சமயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வாரம், காட்டுக்கோழி வேட்டை மும்முரமாக இருக்கும்போதே, வேட்டை நாயைக்கூட மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் மனிதர். இப்போது அந்த வீட்டில் அவரைத் தடுக்க ஈ காக்கைகூட இல்லை.

கதவு தட்டப்பட்டது.

“டீச்சர், திறங்க.”

“அங்கேயே நின்னு சொல்லுங்க. போலீஸைக் கூப்பிட்டாச்சு!” பொய். போனை அவள் இன்னும் தொடவே இல்லை.

“கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி இதை வாங்கிக்கங்க.”

கதவுக் கண்ணாடியில் கண்ணை வைத்தாள். துப்பாக்கிப் பையை அவர் தரையில் கிடத்தினார். தோட்டாப் பெட்டியை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு வெறுங்கையை விரித்துக் காட்டியபடி பின்னால் நகர்ந்து படியிறங்கி நின்றார்.

சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு விரற்கடை திறந்தாள் ஆர்டிஸ். “என்ன இது, கேலி பண்ண வந்தீங்களா?”

“வீட்டுல இன்னும் ரெண்டு இருக்கு, கொண்டாந்துடறேன். எங்கயாவது பூட்டி வைங்க. எங்கேன்னு எனக்குச் சொல்லாதீங்க.”

“நானா? உங்க கட்சியில ஆளா இல்லை? எதிர்வீட்டு ஹார்லன்கிட்ட கொடுக்கறதுதானே?”

“ஹார்லன் நல்லவன். ‘உன் பொருள், உன் உரிமை’ன்னு கேட்ட உடனே திருப்பிக் கொடுத்துருவான்.”

“கொடுத்தா என்ன? உங்களோடதுதானே?”

டெல்மர் தலை நிமிர்ந்தார். பல நாள் தாடி. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

“லோயிஸ் போனதுலேருந்து, இருட்டினா போதும், இதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடறேன் டீச்சர். நேத்து ராத்திரி என்னை நினைச்சே ரொம்பப் பயந்துட்டேன்.”

ஆர்டிஸ் சங்கிலியைக் கழற்றிக் கதவை அகலத் திறந்தாள்.

அவர் சொன்னார்: “நான் அழுது கெஞ்சினாலும் கொடுக்காத ஆளு, இந்தத் தெருவுல நீங்க ஒருத்தர்தான்.”