சந்தையில் அழுத தகப்பன்

"நம்மட சகலன் சொல்லட்டுமே. ஹாட்வெயார் கடையில நிக்கிற ஆளுக்கும் ஒரு அபிப்பிராயம் இரிக்கும்தானே."

பஸால் அதைச் சொன்னது நேரம் கடத்தத்தான். வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கடற்கரை வீதியில் கபூர் காக்காவின் தேத்தண்ணிக் கடையில் கூடும் வழமையான ஆட்கள்தான். பேச்சு புதிதாக வந்திருந்த ஒரு படத்தைப் பற்றியது. முடிவில் தகப்பன் சந்தை நடுவே மகனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அந்த இடத்தில் தனக்கும் கண்ணீர் வந்துவிட்டதாகப் பதியுதீன் வெட்கமில்லாமல் சொன்னான். சொல்லிவிட்டுப் பஸாலின் முகத்தைப் பார்த்தான்.

எல்லோரும் பார்த்தார்கள். படம் தேறுமா தேறாதா என்று அந்தக் கடையில் தீர்ப்புச் சொல்வது பஸால்தான். நாவல்களுக்கும் அவன்தான்.

பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன். இப்போது ஐஸ் பெக்டரியில் இரவுக் காவல். ஊர் இன்னும் அவனைக் 'கெம்பஸ்' என்றுதான் கூப்பிடுகிறது. அது கேலியா மரியாதையா என்று மற்ற இடங்களில் அவனுக்குச் சந்தேகம். இந்தக் கடையில் மட்டும் சந்தேகம் இல்லை.

போன மாதம் எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த ஒரு நாவலை அவன் ஒரே மூச்சில் கவிழ்த்திருந்தான். மழையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறான், நனைந்த ஆள் ஒருவரையும் காணவில்லை என்றான். கபூர் காக்கா ஒரு கிழமையாக அதையே வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பேச்சு றுமானாவுடையது. நாவலை வாசித்தவள் அவன் மனைவிதான். படங்களைப் பார்ப்பவளும் அவள்தான். அவனுக்கு இரவெல்லாம் காவல், பகலில் பாதி தூக்கம். விடியற்காலை வந்து சாப்பிட உட்காரும்போது அவள் சொல்வாள். நல்ல பேச்சு ஒன்று வாயில் இருந்தால் அவள் கண் முன்கூட்டியே மின்னிவிடும். ரொட்டியை மென்றுகொண்டே அவன் அதை மனப்பாடம் செய்துகொள்வான்.

இந்தப் படத்துக்கு அவள் ஒன்றும் தரவில்லை. "பரவால்ல" என்றாள். அவ்வளவுதான். அதனால்தான் அவன் சகலனைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

றிபாஸ் பணிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தான். றுமானாவுக்கு மூத்தவளை, அவளுடைய ராத்தாவைக் கட்டியவன். மாமனார் ஒரே வளவுக்குள் இரண்டு மகள்மாருக்கும் கட்டிக் கொடுத்த வீடுகளில்தான் இரண்டு மருமக்களும் வந்து ஏறியிருந்தார்கள். றிபாஸ் இந்தக் கடையில் ஒரு படத்தைப் பற்றியும் வாய் திறந்ததில்லை.

தோய்த்த துண்டை விழுங்கிவிட்டுச் சொன்னான்.

"அந்த மனிசன் வீட்டுக்குள்ள வச்சி அழுதிருந்தா நான் நம்பியிருப்பன். சந்தைக்கு வந்த பிறகுதான் ஆளுக்கு அழுகை வந்திரிக்கி."

பதியுதீன் வாங்கில் அடித்துச் சிரித்தான். கெம்பஸின் தீர்ப்புக் கதிரையும் போய்விட்டது என்றான்.

பஸாலும் சிரித்துவைத்தான்.

அந்த வெட்டு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். கடைசிச் சொல்வரை கத்தியைக் காட்டாத வெட்டு. அது றுமானாவுடையது. இரவில் அவன் ஐஸ் பெக்டரி கேற்றில் குந்திக்கொண்டிருக்கும்போது அவள் ராத்தா வீட்டு ஹோலில் பெரிய டீவியில் படம் பார்க்கிறாள். றிபாஸும் அங்கேதான் இருப்பான். நல்லதை அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். கண் மின்னச் சொல்லியிருப்பாள். கட்டியவனுக்கு மிஞ்சியது ஒரு 'பரவால்ல'.

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து நடந்தான்.

றுமானா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். றிபாஸுக்குச் சொன்னதை ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று நின்றபடியே கேட்டான். அவளுக்கு விளங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்குள் அழாமல் சந்தையில் அழுத தகப்பனை அப்படியே ஒப்புவித்தான்.

அவள் கை நின்றது.

"அப்படியா சொன்னாரு?"

கண் மின்னியது. அவன் கண்ணெதிரேயே மின்னியது. அவள் அதை இப்போதுதான் முதல்முறை கேட்கிறாள்.

"ராத்திரி படம் முடிஞ்சதும் மச்சான் ஒண்டும் சொல்லாமலே எழும்பிப் போயிட்டாரு. அதான் ஒங்களுக்குச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லாமப் போச்சு."

பஸால் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தான்.

"அப்ப அந்த மழை?"

அதுவும் றிபாஸ் மச்சான் வாசித்துவிட்டுச் சொன்னதுதான் என்றாள். எல்லாமே அவர் சொன்னதுதான். சகலனின் பேரை எடுத்தாலே இவன் முகம் மாறும் என்றுதான் பேரை விட்டுவிட்டுச் சொன்னாளாம். கடையில் இவன் என்ன சொல்கிறான் என்பது அவருக்கும் தெரியும், பக்கத்தில்தானே இருக்கிறார். ஏன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று ராத்தாகூட ஒரு நாள் ஏசியிருக்கிறாள்.

"'விடு, அவனுக்கும் ஏதாவது ஒண்டு வேணுமே' எண்டாராம்," என்றாள் றுமானா. "நல்ல மனிசன்."

கிணற்றடியில் பூனை ஒன்று மீனைப் பார்த்துக் கத்தியது.

"அந்தப் படம் சரியில்ல," என்றான் பஸால்.

அவள் நிமிர்ந்தாள். "ஏன்?"

அவன் சொந்தமாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து அடுத்த மீனை எடுத்தாள்.