வார்டில் எடுத்த படம்

"காப்புரிமை ரத்து" என்று அதிகாரி சொன்னதும், தம்பி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் இருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அவனுக்கே துணையாக வந்து உட்கார்ந்திருக்கிறாளே பாவி!

தம்பி தச்சன். அப்பா படுத்த படுக்கையானபோது, நோயாளியை ஒரே ஆள் நோகாமல் புரட்ட ஒரு பலகை செய்தான். அப்பா போன பிறகு அதற்குக் காப்புரிமை வாங்கி, ஒரு கம்பெனிக்கு விற்றான். வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று கம்பெனி தடை வாங்கியது. பலகை ஆனை விலை குதிரை விலை ஆயிற்று.

அக்கா ஆயாவாக இருக்கும் முதியோர் இல்லத்தில் முப்பது பேர் படுக்கையில். பலகை வாங்க வழியில்லை, முதுகெல்லாம் புண். இல்லத்து வக்கீல்தான் சொன்னார்: "விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே நாலு பேர் பார்க்கப் புழங்கின பொருள்னா, கொடுத்த பேட்டன்ட்டையும் ரத்து பண்ணலாம்மா. ஆதாரம்தான் வேணும்."

மனசு பொறுக்காமல் தம்பியிடமே அதைச் சொல்லிப் புலம்பினாள். அவன் பாட்டுக்கு மரத்தை இழைத்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் போனபோது, "டிராயர்ல என் கண்ணாடி இருக்கும், எடுத்துட்டு வாக்கா" என்றான்.

டிராயரில் கண்ணாடி இல்லை. மேலாக ஒரு படம் கிடந்தது. ஆஸ்பத்திரிப் பொது வார்டில், அத்தனை பேர் பார்க்க, அந்தப் பலகையில் அப்பாவைப் புரட்டுகிறான் தம்பி. பின்சுவரில் நாட்காட்டி, விண்ணப்பத்துக்கு ஒரு வருஷம் முந்தியது. அவள் என்ன செய்வாள், சொல்லுங்கள். கை தானாகப் படத்தைப் பைக்குள் செருகியது.

வெளியே வந்தால் கண்ணாடி அவன் நெற்றியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. "நல்ல மறதிடா உனக்கு!" என்று சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து அவன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

இப்போது, முகத்தில் பொத்திய கைக்குட்டையோடு வெளியே வந்த தம்பியைக் கம்பெனி மேலாளர் தாழ்வாரத்தில் வழிமறித்தார். "யாருய்யா கொடுத்தது அந்த போட்டோவ? பேட்டன்ட்டுக்கு எதிரா ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டாலும் உன் வீடு எங்களுதுன்னு கையெழுத்து போட்டிருக்க, ஞாபகம் இருக்கா?"

"நான் யார்கிட்டயும் எதையும் கொடுக்கல சார்."

"சத்தியமா?"

"எங்க அப்பா மேல சத்தியமா."

மேலாளர் முணுமுணுத்தபடி படியிறங்கினார். அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தம்பி, திருடினது நான்தான்டா. உன் பேரு போட்ட பேட்டன்ட்ட நானே குப்பையாக்கிட்டேன். அந்த ஜனங்க முதுகப் பார்த்தா மனசு கேக்கலடா. வேணும்னா ரெண்டு அறை அறைஞ்சுடு, பேசாம மட்டும் இருக்காத."

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஓயும்வரை தம்பி காத்திருந்தான். பிறகு கைக்குட்டையை முகத்திலிருந்து எடுத்தான்.

"அது பத்தாதோன்னு அடியில இன்னும் ரெண்டு படம் வச்சிருந்தேனே, அத ஏன்க்கா விட்டுட்டு வந்த?"