முதுகில் ஓர் உள்ளங்கை

கொட்டகையில் நான்கு பேர். வில் செய்கிறவர் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வில்வித்தைச் சங்கச் செயலாளர் மேசையருகே. அவர் முன்னால் போட்டிக்கு அனுப்பவேண்டிய கடிதம், தங்கையின் பெயரோடு, உறையிலிடாமல் கிடக்கிறது. அக்காவுக்கு நாற்காலி உண்டு, அவள் உட்காரவில்லை. தோள் அறுவைக்குப் பின் முதன்முதலாக வில்லெடுக்கும் தங்கையின் பின்னால் நின்று, வலது தோள்பட்டை எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்திருக்கிறாள். நாணை இழுக்கையில் அந்த எலும்பு முதுகுத்தண்டை நோக்கி நகர வேண்டும். பாரம் முழுவதும் முதுகுக்கு. விரல்கள் வெறும் கொக்கி. தங்கை இழுக்கிறாள். முழங்கை உயர்கிறது, நாண் தாடையைத் தொடுகிறது. வைக்கோல் பலகையில் ‘தொப்’பென்று சத்தம்.

“நட்டநடு! இனிமே என்ன பேச்சு?” என்று செயலாளர் பசையை எடுக்கிறார். “இருங்க சார்,” என்கிறாள் அக்கா. “முதுகு அசையவே இல்லடி. கையாலயே இழுத்துட்ட.” “பட்டுச்சுல்ல?” என்கிறாள் தங்கை. “ஒண்ணு படும். நாள் பூரா இப்படி இழுத்தா தோள் மறுபடி பிஞ்சிடும். அப்புறம் தலைகூட சீவ முடியாது.” “நான் போகலேன்னா மாற்று ஆள் நீதானே, மகராசி?” வில் செய்கிறவர் தரையைப் பார்க்கிறார். அக்கா கையை எடுக்கவில்லை.

தங்கை அம்பில்லாமல் இன்னொரு முறை, மெதுவாக, இழுத்துப் பார்க்கிறாள். அந்தக் கையின் சூடு தெரிகிறது. அதற்கடியில் தன் தசை இருக்கிற இடம் தெரியவில்லை. நாணை மெல்லத் தளர்த்தி, வில்லைச் சாய்த்துவிட்டு மேசைக்கு வருகிறாள். தன் பெயரை அடித்து, மேலே அக்காவின் பெயரை எழுதி, உறையிலிட்டு ஒட்டுகிறாள். “இன்னிக்கே போட்டுடுங்க சார்.” செயலாளர் சைக்கிளை எடுக்கிறார். யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.