அரிசியில் கல்

மதியச் சோற்றில் மறுபடியும் கல் கடிபட்டது. தனசேகரன் அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார். எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி மரகதம் பார்த்துவிட்டாள்.

“பொறுக்கித்தாங்க உலையில போட்டேன்.”

“கண்ணாடி போட்டாத்தான் உனக்குக் கல்லு தெரியும். சாயந்திரம் கடைக்குப் போயிட்டு வருவோம்.”

“பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். கண்ணாடியைத் தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம்.”

போன தீபாவளிக்கு முன்பும் அவள் இதையேதான் சொன்னாள். கேபிளை நிறுத்தி, எண்ணெயைக் குறைத்து, கடைசியில் தன் கண்ணிலும் மிச்சம் பிடிக்கத் தொடங்கியிருந்தாள்.

“அப்ப இனிமே அரிசியை நான் பாக்கறேன்,” என்றார் தனசேகரன்.

மறுநாள் காலை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மரகதம் கதவருகே நின்று பார்த்தாள். அவர் குனிந்தார், நிமிர்ந்தார். முறத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

மரகதம் அருகில் போய் உட்கார்ந்தாள்.

“எப்பலேருந்துங்க?”

“உனக்கு எப்பலேருந்தோ, அப்பலேருந்துதான்.”

அவர் அரிசியிலிருந்து எதையோ பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். இருவரும் அதை வெளிச்சத்தில் காட்டி, கல்லா அரிசியா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.