மணிக்கட்டு

வார்டு முழுக்க ஒற்றை ஆளாக ஓடி ஓடி, ஒருநாள் நர்ஸ் வேலையை உதறிவிட்டு வந்தவள் ஜெபக்கனி. இந்த வளையல்கடையில் உட்கார ஸ்டூல் உண்டு. கண்முன்னே யாரும் சாவதில்லை. ஆனால் வளையல் போட்டுவிட யார் கையைப் பிடித்தாலும் விரல்கள் தாமாக நாடியில் போய் அமரும், கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போகும், கையை விட மனசே வராது.

இன்று வந்த பெண்ணின் நாடி நடுவில் ஒருமுறை தடுக்கியது. ஜெபக்கனி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"ஏ புள்ள, கடிகாரத்துல என்ன இருக்கு? வளையலப் போடு" என்றார் கடைக்காரர்.

வந்தவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "பொறுங்க அண்ணாச்சி, அவங்க பாத்து முடிக்கட்டும். ஆஸ்பத்திரியில யாரும் இவ்வளவு நேரம் என் கையைப் பிடிக்கல."