விட்டுக்கொடுத்த ஆட்டம்

கான்ஸ்டன்ஸ் தங்கையின் காலில் விழாத குறைதான். பெண்கள் உடை மாற்றும் அறையில் வேறு யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதாள். இரண்டு வருடமாக இங்கிலாந்தின் டென்னிஸ் சாம்பியன், இப்போது மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

"ஹெஸ்டர், இன்னிக்கு அந்த பிராம்லிகிட்ட தோத்துடுடி. எனக்காக."

ஹெஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நடப்புச் சாம்பியனுக்குக் கடைசி ஆட்டம் மட்டும்தான். மற்ற பெண்களெல்லாம் முட்டி மோதியதில், இன்று ஜெயிப்பவள்தான் நாளை சாம்பியனோடு ஆட முடியும். போன வருடம் அப்படிப் போய் அக்காவிடம் அடி வாங்கித் திரும்பியவள் ஹெஸ்டர். இந்த வருடம் கோப்பை அவளுக்குத்தான் என்று பத்திரிகைக்காரர்களே எழுதிவிட்டார்கள்.

"என்னக்கா இது? உன்னை ஜெயிக்கத்தானே ஒரு வருஷமா நாய் மாதிரி ஓடினேன்?"

"அதாண்டி பயம். பிராம்லியை நான் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிடுவேன். உன்னை முடியாது. இந்தத் தடவையும் ஜெயிச்சா மூணாவது, கோப்பை எனக்கே சொந்தமாயிடும். அதோட நான் ஒதுங்கிக்கிறேன். அடுத்த வருஷம் நீதான்."

அக்கா இப்படித் தாழ்ந்து பேசி ஹெஸ்டர் கேட்டதே இல்லை. மனசு இளகிக் கட்டிக்கொண்டாள். அக்காவின் இடுப்பில் கச்சையின் இறுக்கம் இல்லை. பயத்தில் மூச்சு முட்டித் தளர்த்தியிருக்கிறாள் போலும், பாவம்.

"சரிக்கா. அழாதே."

தோற்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. முதல் செட்டைப் பழக்கதோஷத்தில் ஜெயித்துத் தொலைத்தாள் ஹெஸ்டர். பிறகு சுதாரித்துக்கொண்டு பந்தை வலையில் அடித்தாள், கோட்டுக்கு வெளியே அடித்தாள், நீளப் பாவாடை தடுக்கியதாகக்கூட நடித்தாள்.

"முக்கியமான நேரத்துல இவளுக்குக் கை உதறும்யா!" என்று முன்வரிசையில் ஒருவர் உரக்கச் சொல்லிச் சிரித்தார். ஹெஸ்டருக்கு அவமானமாக இருந்தது. அக்காவுக்காகத்தானே என்று பொறுத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் சங்கச் செயலாளர் புல்தரைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"நடப்புச் சாம்பியன் திருமதி கான்ஸ்டன்ஸ் தோர்லி, உடல்நிலை காரணமாக நாளைய ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். ஆகவே விதிப்படி, இன்று வென்ற மிஸ் பிராம்லியே இந்த ஆண்டின் சாம்பியன்!"

பிராம்லி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கைக்கு வந்த பட்டம் போனது ஹெஸ்டருக்கு உறைக்கவே இல்லை. அக்காவுக்கு என்ன ஆனதோ என்றுதான் பதறி ஓடினாள்.

கான்ஸ்டன்ஸ் குடை நிழலில் உட்கார்ந்து, பாலாடை ஊற்றிய ஸ்ட்ராபெரியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா! திடீர்னு என்னாச்சு உனக்கு?"

"திடீர்னு ஒண்ணுமில்ல. மாசமா இருக்கேன். மட்டையையே தொடக்கூடாதுன்னு டாக்டர் போன வாரமே சொல்லிட்டார். அன்னிக்கே செயலாளர்கிட்ட விலகிக்கிறேன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு ஆட்டம் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னும் கேட்டுக்கிட்டேன்."

"அப்போ... காலையில எதுக்குக்கா அப்படி அழுதே?"

கான்ஸ்டன்ஸ் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு ஒரு சாம்பியன் போதும்டி."